மூன்றாவது புத்தகம்

எனக்குக் கோர்ட்டுக் கதைகள் பிடிக்கவே பிடிக்காது, ஐயா. என் தோழி கெர்லிண்டேவுக்குத்தான் அதில் பைத்தியம். அவளுக்குப் பார்வை போன பிறகு, தினமும் மத்தியானம் காபி போட்டுக் கொடுத்து நான்தான் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு வருஷம்.

அவளுக்குப் பிடித்த நாவல் வரிசை முழுக்க எங்கள் பழைய கிழக்கு ஜெர்மனி விவகாரம்தான். ஒரு வக்கீல் பழைய வழக்குகளைத் தோண்டுவார். மூன்றாவது புத்தகத்தில், ஒருவனை ரகசியப் போலீசிடம் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுத் தோழி. தோழியை மைத்துனன் என்று மாற்றிப் படித்தேன். கதைதானே.

அதைக் கேட்ட சூட்டில் அவள், ரகசியப் போலீஸ் தன்னைப் பற்றி வைத்திருந்த ஃபைலைக் கேட்டு மனுப் போட்டாள். அவள் கணவர் டீட்மார், அவளோடு மேற்கு ஜெர்மனிக்குத் தப்பத் திட்டம் போட்டுப் பிடிபட்டு, சிறையில் செத்தவர். ஃபைல் வந்தது. தகவல் கொடுத்தவர் பெயரும் தனிக் கடிதத்தில் வந்தது. அதையும் நான்தான் படித்தேன். அவள் அண்ணன் வோல்ஃப்ஹார்ட் பெயரைப் படித்தேன். தாளில் இருந்தது என் பெயர். அவள் மேற்கே போயிருந்தால் எனக்கு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.

வோல்ஃப்ஹார்ட் வாராவாரம் வந்து கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை. அன்று பிளம் கேக் செய்து எடுத்துப்போனேன். இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

போன வாரம் அவர் மகள் ஃப்ரௌக்கே, அத்தையின் பிறந்தநாளுக்கு அந்த வரிசையை ஒலிப்புத்தகமாக அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை நான் போனபோது மூன்றாவது புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. கெர்லிண்டே அதை நிறுத்தினாள்.

"இதுல தோழின்னு வருதுடி, இர்ம்ட்ராவுட்."

பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவார்கள் என்றேன்.

"என் ஃபைலையும் இப்படித்தான் படிச்சியா?"

அவள் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, கீழ்வீட்டு வாத்தியாரைப் படிக்கச் சொல்லப்போவதாக எழுந்தாள். மூன்று மாடி. இறங்கும்போது எப்போதும் என் கையைத்தான் பிடிப்பாள். அவ்வளவு கோபத்திலும், பழக்கத்தில் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது படியில் விட்டுவிட்டேன். இல்லை, சரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்: தள்ளினேன்.

அவளுக்கு என்னை விட்டால் யாருமே கிடையாது, ஐயா. நான் இல்லாவிட்டால் அவள் இத்தனை வருஷம் என்ன பாடு பட்டிருப்பாளோ.