ரெண்டாம் நம்பர் சொன்ன பேச்சு கேக்கும்

இல்ல மாமா, எழுந்திரிக்காதீங்க, கால் தலகாணி மேலயே இருக்கட்டும். கதவு தெறந்துதான் கெடந்துச்சு, நானே உள்ள வந்துட்டேன். ஆமா, ஃப்ரீடாதான். போர்டு செய்யற பிர்கிட்டோட பொண்ணு ஃப்ரீடா, ஊருக்கே தெரிஞ்ச ஃப்ரீடா. அப்படி என் கையையே பாக்காதீங்க. இது கசகசா கேக், அம்மா குடுத்தனுப்பினாங்க. உள்ள ரப்பர் சிலந்தி எல்லாம் கெடையாது. நம்பிக்கை இல்லன்னா நானே மொதல்ல ஒரு துண்டு சாப்ட்டுக் காட்றேன்.

ம். ஒண்ணும் ஆகல. எதுக்கும் இன்னொரு துண்டும் சாப்ட்டுக் காட்டிடறேன்.

வந்த விஷயமா? பனிச்சறுக்கு க்ளப் கதவுல ஒரு பேப்பர் ஒட்டச் சொன்னீங்களாமே. காலைல பாத்தேன். மேல உங்க பேரு, வென்டலின். கெட்டி பூட்ஸ் ஒரு ஜோடி, ஸ்னோபோர்டு ரெண்டு, சும்மா குடுக்கப்படும், இனி தேவையில்லை. அவ்ளோதான். என்ன ஒரு நடை மாமா. சாவு அறிவிப்புல கூட இதவிட ரெண்டு வரி கலகலப்பா எழுதுவாங்க. அம்மா அதப் படிச்சுட்டு, போ, வேற யாராவது தூக்கிட்டுப் போறதுக்குள்ள நீ போய் வாங்கிட்டு வான்னாங்க. அதான் வந்தேன்.

ஷெட்டுலயா? சரி, போறப்போ எடுத்துக்கறேன். எனக்கு என்ன அவசரம். பள்ளிக்கூடமா? புதன்கிழமை மத்தியானம் கெடையாது. மாமா, நீங்கதான பள்ளிக்கூட பஸ் ஓட்டறீங்க, உங்களுக்கே மறந்து போச்சா. ஓ, மூணு நாளா வேற ஆள் ஓட்டறாரு இல்ல. அவரு மோசம். மைக்குல பேசவே மாட்டேங்கறாரு. உங்க குரல்ல நான் ஒரு தடவ மைக்குல, கடைசி நிறுத்தம், எல்லாரும் இறங்கவும், குடையை மறக்க வேண்டாம்னு சொல்லி, மொத்த பஸ்ஸும் பாதி வழியில காட்டுக்குள்ள எறங்கி நின்னுச்சே. ஊரே என்னத் திட்டினப்போ நீங்க மட்டும் ஸ்டீயரிங் மேல தலைய வெச்சு சிரிச்சீங்க. இன்னொரு தடவ சொல்லுன்னு வேற கேட்டீங்க. அந்த ஆள்கிட்ட இதெல்லாம் நடக்காது.

சரி, அதில்ல. பேப்பர் கொண்டாந்திருக்கேன். சனிக்கிழமை அம்மாவோட புது போர்டுகள டெஸ்ட் ஓட்டினவங்க எழுதிக் குடுத்தது. வாசிக்கட்டுமா? வேணாமா? உங்களுக்கு வேணாம்னா என்ன, எனக்கு வாசிக்கணும். சிரிச்சா கால் வலிக்குமா? அப்ப வாய மூடிக்கிட்டு சிரிங்க.

மொதல்ல அந்த நாலு போர்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்பத்தான் இவங்க எழுத்த ரசிக்க முடியும். நாலும் அம்மா ஒரே அச்சுல செஞ்சது. ஒரே நீளம், மேல வெறும் கறுப்பு, பேர்கூட இல்ல. நம்பர் ஸ்டிக்கர் ஒண்ணுதான் அடையாளம். எந்த நம்பர் எப்படி ஓடும்னு அம்மா ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருந்தாங்க. உள்ள இருக்கிற மரமும் தகடும் வேற, ஓரத்தோட வளைவு வேற. நிறுத்தி வெச்சுப் பாத்தா தெரியாது, ஏறி நின்னாத்தான் தெரியும். தெரியணும்.

ஒண்ணாம் நம்பர் எங்க சித்தி. நீங்க கேள்விய முடிக்கறதுக்குள்ள மூணு பதில் வந்துடும். முழங்கால லேசா சாய்ச்சாப் போதும், இந்தா திரும்பிட்டேன், அந்தப் பக்கமா, அதுக்கும் திரும்பிட்டேன், என்ன சும்மா நிக்கிறீங்க, இன்னொரு தடவ திரும்பவான்னு கேக்கும். பத்து நிமிஷம் ஓட்டினா ஒரு நாள் பூரா விருந்தாளி இருந்துட்டுப் போன மாதிரி அலுத்துப் போகும்.

மூணாம் நம்பர் மத்தியானத்துக்கு. வெயில் பட்டு பனி கஞ்சி ஆனதுக்கப்புறம் அதத் தொடணும். கொஞ்சம் அகலம், மூக்கு தூக்கலா இருக்கும். தபாலாபீஸ் க்ளார்க் மாதிரி. வர்றேன், வர்றேன், மலை எங்கயும் போயிடாதுன்னு சொல்லிக்கிட்டே ஆடி அசைஞ்சு வரும். காலைல பனி நிரவற வண்டி சீவிவிட்டுப் போன கெட்டிப் பனியில கொண்டு போனா, விளிம்பு புடிக்கவே மாட்டேங்குது. அந்நேரத்துக்கு ஆபீஸ் தெறக்கலைன்னு அர்த்தம்.

ரெண்டும் நாலும் உங்க பாஷையிலயே சொல்லிடறேன். ரெண்டு வந்து ஊருக்குள்ள சுத்தற குட்டி பஸ். மெத்துனு வளையும், சின்ன வட்டத்துல சுத்தும், தப்பு பண்ணாலும் கோவிச்சுக்காது. நாலு வந்து நடுவுல மடியுமே, அந்த நீள பஸ். நெடுஞ்சாலையில விட்டா அதுக்கு ஈடே இல்ல. வேகம் ஏற ஏற விளிம்பு தண்டவாளம் மாதிரி உக்காந்துக்கும், கால்ல ஒரு நடுக்கம் இருக்காது. ஆனா அதுக்கு எடம் வேணும். அத நம்ம சர்ச் முக்குல திருப்பச் சொன்னா என்ன ஆகும்?

கரெக்ட். பேக்கரிக்குள்ளதான் போகும்.

இப்ப வாசிக்கறேன். மொதல்ல நம்ம இன்ஸ்ப்ருக் பல் டாக்டர் ஏகோன். வாயத் தெறந்து வெச்சுக்கோங்கன்னு அடுத்தவங்ககிட்ட சொல்லிட்டு தான் மட்டுமே பேசி பழகின மனுஷன் இல்லையா, எழுதும்போதும் அப்படித்தான். தொண்டைய செருமிக்கறேன், இருங்க. இரண்டாம் எண் பலகை மிகவும் சாதுவானது. மனதில் நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது. சொன்ன பேச்சைக் கேட்கிறது. என் மனைவிக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பாவம், அவரு சம்சாரம் இத்தன வருஷமா அவரு சொன்ன பேச்ச கேட்டது போதாதாம், இனிமே போர்டும் கேக்கணுமாம். பொறுங்க, நாலாம் நம்பரப் பத்தி எழுதினதுதான் உச்சம். நான்காம் எண் பலகையோ அடங்காத குதிரை. எஃகு போன்ற கால்கள் உள்ளோர் மட்டுமே இதை ஆள முடியும். நான் ஆண்டேன். சத்தியமா அப்படித்தான் இருக்கு, இந்தாங்க பாருங்க. ஆண்டேன்னு போட்டு கீழ ஒரு கோடு வேற.

அடுத்தது பனிச்சறுக்குப் பள்ளிக்கூடத் தலைவர் குந்தர். இவரு எழுத மாட்டாரு, இவரு சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எழுதிக்கோ, புரியுதா, ரெண்டாம் நம்பர், உங்கம்மா தாள்ல திரும்பற வட்டம் பத்து மீட்டர்னு போட்டிருக்காங்க, புரியுதா, அது தப்பு, நான் ஓட்டிப் பாத்தேன், ஒம்பது புள்ளி எட்டு, புரியுதா. எப்படி அளந்தீங்கன்னு கேட்டேன். கண்ணால, புரியுதா, முப்பது வருஷக் கண்ணு. நாலாம் நம்பருக்கு என்ன எழுதட்டும்னேன். இளைஞர்களுக்கு ஆபத்து, பயிற்சியாளர் பக்கத்துல இருக்கணும், புரியுதான்னாரு. இவருக்கு எதுக்கெடுத்தாலும் பயிற்சியாளர் பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் மணிக்கு இவ்வளவுன்னு வாங்க முடியும்.

சிரிக்கிறீங்க. பரவால்ல, லேசா சிரிச்சா வலிக்காது.

மூணாவது பேப்பர்ல பேர் வென்டலின்னு இருக்கு. இத நீங்க எழுதல. சரிவோரத்துப் பாதுகாப்பு வலைக்குள்ள சிக்கிக் கெடந்தப்போ மீட்புக்காரங்ககிட்ட சொன்னீங்களாம், குந்தர் பக்கத்துல நின்னு குறிச்சிருக்காரு. உங்க குரல்ல வாசிக்கவா? சரி, வேணாம், என் குரல்லயே வாசிக்கறேன். போர்டு மேல குத்தம் இல்ல, பிர்கிட்டுகிட்ட சொல்லிடுங்க, போர்டு நல்ல போர்டு, எனக்குத்தான் கால் போயிடுச்சு. அதுக்குக் கீழ குந்தர், ஓட்டியவர் தவறுன்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்காரு. அவருக்குத் தேதி போடவும் மறக்கல.

கால் எலும்பு ரெண்டா போயிருக்கு, நீங்க அம்மா மனசு நோகக் கூடாதுன்னு செய்தி அனுப்பறீங்க. உங்களுக்கெல்லாம் யாரு மாமா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது.

இல்ல, தெரியும், தெரியும். அம்பத்தெட்டு வயசு. ஒரு சாதுவான போர்டையே தொண்டைக்குள்ள, அந்த ஒடுக்குப் பள்ளத்துல, திருப்ப முடியலைன்னா அதோட போதும்னு அர்த்தம். கேட்டுட்டேன். அம்மாகிட்டயும் போன்ல இதத்தான் சொன்னீங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன். அம்மா ரெண்டாம் நம்பர் போர்ட முழங்கால்ல வெச்சு வளைச்சு வளைச்சுப் பாத்தாங்க, ஒரு கீறல் இல்ல, ஒரு கோணல் இல்ல, நல்லாத்தானே இருக்குன்னாங்க. அப்புறம் பாவம் வென்டலின்னு ஒரு வார்த்த சொன்னாங்க. உங்களப் பத்தி பாவம்னு ஒருத்தர் சொல்லி நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

பூட்ஸா? எடுத்துக்கறேன்னு சொன்னேனே. இப்ப எதுக்கு தொரத்தறீங்க. எனக்குப் பத்தாது, தெரியும். உங்க கால் பூட்ஸுல நான் ரெண்டு காலையும் ஒண்ணாப் போட்டு நிக்கலாம். யாருக்காவது குடுப்பாங்க அம்மா. கிளாகன்ஃபர்ட் மாதிரி டவுன்லேர்ந்து எவனாவது வருவான், முப்பது வருஷம் நீங்க காயவெச்சு மெழுகு போட்டு வெச்சிருந்தத வாங்கிட்டுப் போயி, ரெண்டு ஞாயித்துக்கிழமை போட்டுட்டு, வலிக்குதுன்னு பரண்ல போட்டுடுவான்.

என்ன கேட்டீங்க?

சனிக்கிழமை நான் எதுல ஓட்டினேனா. நான் ஓட்டல. நான் மேல குடிசைகிட்ட போர்டு எடுத்துக் குடுக்கற வேல. அம்மா கீழ வண்டியில, வாயில திருகாணி வெச்சுக்கிட்டு, பூட்ஸப் புடிச்சுக்கற பைண்டிங்க மாட்டிட்டு இருந்தாங்க. மேல நான் மட்டும்தான். நானும் நாலு போர்டும்.

உங்களுக்கு அன்னிக்கு ஊர் பஸ் டூட்டி இருந்துச்சு இல்ல? பதினொண்ணு வரைக்கும். அட்டவணையில நானே பாத்தேன். அப்புறம் யாரோ மாத்திக்கிட்டாங்களாம், ஒம்பதரைக்கே லிஃப்ட்லேர்ந்து எறங்கி வர்றீங்க, கையத் தட்டிக்கிட்டு, ஃப்ரீடா, எது ஓட்டட்டும்னு. டாக்டர் முந்திக்கிட்டு, இரண்டாம் எண்ணை எடுங்கள் வென்டலின், தொண்டைக்குள் கொண்டு செல்லுங்கள், அது அதற்காகவே பிறந்ததுன்னாரு. நீங்க என்னப் பாத்தீங்க. நான் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தேன்.

நீங்க மேல் சரிவுல ரெண்டு வளைவு அகலமாப் போட்டீங்க. நல்லாருந்துச்சு. சரி, மாமாவுக்கே தெரிஞ்சிடும், நின்னுடுவாருன்னு நெனச்சேன். நீங்க நிக்கல. தாள நம்பினீங்க. அம்மா எழுதின தாளாச்சே.

இன்னும் புரியலையா மாமா. டாக்டர் ஆண்டாரே அந்த அடங்காத குதிரை, அது ரெண்டாம் நம்பர். குந்தர் முப்பது வருஷக் கண்ணால ஒம்பது புள்ளி எட்டுன்னு அளந்தாரே, அது நாலாம் நம்பர், பத்தொம்பது மீட்டர் வட்டம். காலைல எட்டு மணிக்கே ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டினது நான்தான். அவங்க ரெண்டு பேரும் தாள்ல இருக்கிறதப் பாத்து எழுதறாங்களா, கால்ல தெரியறத எழுதறாங்களான்னு பாக்கணும்னு ஒரு ஆசை. பத்து மணிக்கு எல்லாரையும் கூப்ட்டு உண்மைய உடைச்சிடலாம்னு இருந்தேன், குந்தர் மொகத்த பாக்கணும்னு. பத்து மணிக்கு நீங்க வலைக்குள்ள கெடந்தீங்க. உங்கள மீட்புப் படுக்கையில வெச்சுக் கட்டிட்டு இருந்தப்போ நான் அந்த போர்டத் தூக்கிட்டுக் குடிசைக்குப் பின்னாடி போயி, ரெண்டு ஸ்டிக்கரையும் பழையபடியே மாத்தி ஒட்டிட்டேன். வெரல்ல நகம் ஒடைஞ்சிடுச்சு, குளுருல கோந்து வரல. அம்மா முழங்கால்ல வளைச்சுப் பாத்தது நீங்க ஓட்டாத போர்டு.

அம்மாவுக்குத் தெரியாது. இங்கேர்ந்து நேரா பட்டறைக்குத்தான் போறேன். இந்த பேப்பர நம்பி நாளைக்கு மரம் அறுக்கப் போறாங்க. அவங்க என்ன செய்வாங்கன்னு தெரியல. நீங்க என்ன செஞ்சாலும் சரி. திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க, நான் நின்னு கேக்கறேன்.

சொல்ல வந்தது வேற ஒண்ணு. உங்கள எறக்கிக் கொண்டு போனப்புறம் நான் தொண்டைக்குள்ள நடந்து போயிப் பாத்தேன். பனியில எல்லாம் அப்படியே இருந்துச்சு. டாக்டர் போர்டு இழுத்த கோடு அங்க இல்ல, அவரு அந்த ஒடுக்குக்கே வரல, அகலப் பக்கமா சுத்தி எறங்கிட்டாரு. குந்தர் போன எடத்துல கோடே கெடையாது, மேலேர்ந்து கீழ வரைக்கும் சுரண்டி வெச்ச மாதிரி இருந்துச்சு, குறுக்க நிறுத்திச் சறுக்கிட்டே போயிருக்காரு. உங்களோடது மூணு. பென்சில் அகலம், சுத்தமா, ஒரு எடத்துலகூட வழுக்கல. அந்த ஒடுக்குல, நாலாம் நம்பர் போர்டுல, மூணு வளைவு. நாலாவதுக்கு மலையிலதான் எடம் இல்ல.