மாயிதாவில் சிவப்புச் சட்டை

— நெருங்கிட்டாங்க மாமா. ஆத்தோரமா வர்றாங்க. பீரங்கிச் சத்தத்துல சன்னல் கதவெல்லாம் ஆடுது.

— கதவு கிடக்கட்டும். நான் கால் முறிஞ்சு கட்டில்ல கிடக்கேன், எனக்குக் கண்ணு நீதான். சட்டை என்ன நிறம் நுன்சியா?

— ஒரே புகையா இருக்கு... சிவப்பு. சிவப்புதான் மாமா.

— அப்பாடா. பொனபார்ட்டோட பிரெஞ்சு ஆளுங்க நீலம், இங்கிலீஷ்காரங்க சிவப்பு. கப்பலை விட்டு இறங்கி மூணே நாள்ல விரட்டிட்டாங்க பாரு. போய் மாடியில தொங்குற வெள்ளை விரிப்பை எடுத்துடு.

— வேணாம் மாமா. அது தொங்குற வரைக்கும்தான் உங்க மகன் தோப்பை விட்டு வெளிய வரமாட்டார்.

— எட்டு நாளா அங்க பதுங்கிக் கிடக்கான். கொண்டுபோன ரொட்டி தீர்ந்திருக்கும்.

— பட்டினியா இருந்தாலும் உசுரோட இருப்பாரே. பிரெஞ்சுத் தபால் குதிரைக்காரனைச் சுட்டவர்னு பேர் சொல்லித் தேடுறானுங்க. கிடைச்சா நம்ம கிணத்தடியிலயே நிக்க வச்சுச் சுட்ருவானுங்க.

— அதனாலதான் சொல்றேன். தோத்துப்போன பிரெஞ்சுக்காரன் எந்த வழியா ஓடுவான்? அந்தத் தோப்பு வழியாத்தான். இங்கிலீஷ்காரன்கிட்ட வந்து சேர்ந்துட்டா புரூனோ பிழைச்சான்.

— எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் இல்லையா? இருக்கிறது ஒத்தப் புள்ள. ராஜா பட்டாளத்துல பதினோரு வருஷம் இருந்தவன் சொல்றேன், எடு புள்ள.

— ...எடுத்துட்டேன்.

— வர்றானா?

— தோப்போரமா ஒரு ஆள்... அவர்தான். தொப்பியை ஆட்டிக்கிட்டே ஓடி வர்றார். எப்படி இளைச்சுப் போயிட்டார்.

— அவங்க சுடலையே?

— இல்ல. ஒருத்தன் வான்னு கையைக் காட்டுறான். போய்ச் சேர்ந்துட்டார். அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிறார் மாமா.

— ஆண்டவரே. அழாத புள்ள. எல்லாம் முடிஞ்சுது.

— மாமா, பின்னாலயே நீலச் சட்டைக்காரங்களும் வர்றாங்க.

— பிடிபட்டவங்களா இருக்கும்.

— தோள்ல துப்பாக்கி இருக்கே.

— நல்லாப் பாரு.

— நல்லாத்தான் பாக்குறேன். உங்க மகன் அவங்க நடுவுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் தண்ணிக் குடுவையை நீட்டுறான். சிவப்புச் சட்டைக்காரன் அதை வாங்கிக் குடிச்சிட்டு, அவன் தோளைத் தட்டிக் குடுக்குறான். மாமா, யார் இவங்க?

— சுவிஸ்காரங்க. பொனபார்ட்கிட்டச் சம்பளம் வாங்கிச் சண்டை போடுறவங்க. அவங்களுக்கும் சிவப்புதான். எனக்குத் தெரியும் நுன்சியா. பாவி, மறந்துட்டேன்.