சந்தில் நின்ற வண்டி

எரிக்: ...டாடி, இது வண்டி இல்ல. பூந்தொட்டி. சக்கரத்துல செடி முளைச்சிருக்கு.

ஜேக்கப்: புடுங்கிட்டா போச்சு. எட்டு வருஷமா இந்தச் சந்துல நிக்குதுடா, பாவம்.

எரிக்: டேங்க்கைக் குலுக்குனா துருவா கொட்டுது.

ஜேக்கப்: கழுவிக்கலாம். இன்ஜின் நல்லாருக்கு. மெக்கானிக் கதிரேசன் பிரிச்சே பாத்துட்டான்.

எரிக்: பிரிச்சுட்டாரா? "சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வரலாம்"னுதானே ராயப்பேட்டை வரைக்கும் கூட்டிட்டு வந்தீங்க?

ஜேக்கப்: பார்வைதான்... கொஞ்சம் உள்ள வரைக்கும் பாத்தான்.

எரிக்: சரி, வாங்குனா யார் ஓட்டுறது?

ஜேக்கப்: நீதான்! காலேஜுக்கு.

எரிக்: எனக்கு பஸ் பாஸ் இருக்கு.

ஜேக்கப்: அப்ப... வாரத்துல ஒரு நாள் நான் எடுக்கறேன். பேட்டரி இறங்கிடும்ல?

எரிக்: விழுந்து தோள்பட்டை எலும்பு உடைஞ்சப்போ, இனிமே பைக்கையே தொட மாட்டேன்னு மம்மிகிட்ட பைபிள் மேல கை வெச்சுச் சொன்னீங்க.

ஜேக்கப்: பைபிள் இல்லடா, கோயில் பாட்டுப் புஸ்தகம். அவசரத்துக்கு அதான் கிடைச்சுது.

எரிக்: ஆண்டவர் மன்னிச்சுடுவார். மம்மி?

ஜேக்கப்: அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நீ ஆசைப்பட்டேன்னு சொல்லேன்டா...

எரிக்: அம்பத்தஞ்சு வயசுல பையன் பின்னாடி ஒளியறீங்க. வேணாம் டாடி, விட்டுட்டுப் போலாம்.

ஜேக்கப்: விட முடியாது.

எரிக்: ஏன்?

ஜேக்கப்: அது வந்து...

எரிக்: டாடி.

ஜேக்கப்: வாங்கிட்டேன். போன மாசமே. என் பேருக்குக் கூட மாத்தியாச்சு.

எரிக்: ம்.

ஜேக்கப்: திட்டேன்டா! "ம்"னா என்ன?

எரிக்: ஆர்.சி. புக் வந்துடுச்சா?

ஜேக்கப்: அதான்டா தூக்கமே போச்சு. தபால்ல வீட்டுக்கே வருமாம். தினம் பர்மிஷன் போட்டு ஸ்கூல்லேர்ந்து ஓடி வந்து கேட்டுல நிக்கிறேன். போஸ்ட்மேன் என்னைப் பாத்தாலே சைக்கிளைத் திருப்பிடுறான். உங்க மம்மி கையில சிக்குச்சுன்னா...

எரிக்: இனிமே நிக்க வேணாம். திங்கட்கிழமையே வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டு வாங்குனது மம்மிதான்.

ஜேக்கப்: ஐயோ! கத்துனாளா?

எரிக்: அழுதாங்க. அப்புறம் சிரிச்சாங்க. நீங்க தினம் கேட்டுல நிக்கிறதைப் பாத்து, ஏதோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மறைக்கிறீங்கன்னு பயந்து, பத்து நாளா ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். "வண்டிதானா!"ன்னாங்க.

ஜேக்கப்: அப்பாடா... அப்ப நீ ஏன்டா இவ்வளவு நேரம் என்னை வறுத்தே?

எரிக்: "அந்த மனுஷன் வாயாலயே சொல்ல வை"ன்னு அனுப்புனதே அவங்கதான். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் வண்டியை ஆசீர்வதிச்சு மந்திரிக்க ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு. பின்சீட்டு மம்மிக்கு. அதுக்குள்ள ஓடலைன்னா சாந்தோம் கோயில் வரைக்கும் நீங்க தள்ளிக்கிட்டு வரணுமாம்... அவங்க உக்காந்தபடியே.