சிவப்பு சிவிக்கின் பின்வீல்

– அறந்தாங்கியிலயே வீல் அலைன்மென்ட் கடை இருக்கே தம்பி. அதையெல்லாம் தாண்டி எதுக்குப் புதுக்கோட்டை வரைக்கும் வந்தீங்க?

– அங்கிட்டு எல்லாக் கடையிலயும் எங்க மச்சானைத் தெரியும்க்கா.

– ரெக்கவரி வண்டியில ஏத்தி, மேல தார்ப்பாயும் போட்டு மூடிக் கொண்டாந்திருக்கீங்க. முன் பம்பர் நொறுங்கிக் கெடக்கு. ஒண்ணு கேக்குறேன், வருத்தப்படாதீங்க. யாரையாச்சும் அடிச்சிட்டு வந்தீங்களா?

– நெசமா இல்லக்கா. இது ரோட்டுல ஓடுற வண்டியே இல்ல. கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குல ஓட்டுறதுக்குன்னு நானும் மச்சானும் சேர்ந்து வாங்கின பழைய சிவப்பு சிவிக் கார். போன மாசம் ஒரு வளைவுல பிரேக்கைத் தொட்டேன், பின்பக்கம் அப்பிடியே சுத்திருச்சு. ஓரத்துல டயர் அடுக்கியிருப்பாங்கள்ல, அதுல போய் மூக்கு குத்துச்சு. என் மணிக்கட்டும் போச்சு, பாருங்க மாவுக்கட்டை.

– அல்லா காப்பாத்துனாருன்னு சொல்லுங்க. ஜாப் கார்டுல எழுதணும், பேரு?

– ஹாமித். ஜெகதாப்பட்டினம். அன்புமொழி அக்கா கடைக்குப் போ, யாருக்காகவும் ரீடிங்கை மாத்திச் சொல்லாதுன்னு பார்ட்ஸ் கடையில சொன்னாங்க.

– அதெல்லாம் இருக்கட்டும். வீல் சாயுற கேம்பர் எவ்வளவு வைக்கணும், உள்ள வெளியில திரும்புற டோ எவ்வளவு? டிராக் வண்டின்னா நம்பர் கையோட கொண்டாந்திருப்பீங்களே.

– எதையும் வைக்க வேணாம்க்கா. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீங்க. இப்ப என்ன இருக்கோ அதை அளந்து பிரிண்ட் குடுங்க, போதும்.

– இருபது வருசத்துல இப்பிடிக் கேட்டவங்க ரெண்டு பேருதான். ரெண்டு பேருமே கோர்ட்டுக்குப் போனவங்க. விசயத்தைச் சொல்லாம நான் வண்டியை ஏத்த மாட்டேன்.

– மச்சான்னு சொன்னேன்ல, உமர் பாரூக், எங்க லாத்தா புருஷன். கூடப்பொறந்த அக்காளை நாங்க லாத்தான்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு பேரும் துபாய்ல ஒரே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்தோம். ஊருக்கு வந்து ஒண்ணா வண்டி எடுத்தோம். மொத ரெண்டு தடவை அவரு ஸ்பீடு. மூணாவது தடவை நான் ஒரு ரவுண்டுல ரெண்டு செகண்டு முந்திட்டேன். அன்னிக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் மனுசன் வாயே தொறக்கலை. அடுத்த வாரமே, நீ இரு, நான் போய் அலைன்மென்ட் வச்சிட்டு வாரேன்னு தனியா திருச்சிக்குக் கெளம்பிட்டாரு.

– அதுல என்ன தப்பு?

– நான் எழுதிக் குடுத்த நம்பரை வைக்கலைக்கா. பின்வீலை நான் சொல்ற மாதிரி வைங்க, ஹாமித்துக்குத் தெரிய வேணாம்னு அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லியிருக்காரு. கடைக்காரரே வாய் தவறி எங்கிட்டச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்கு வந்தவரு, கை எப்பிடி இருக்குன்னு கேக்கலை. வண்டியோட பின்பக்கம் எங்கயாச்சும் தட்டுச்சான்னுதான் மொதல்ல கேட்டாரு. நீங்களே சொல்லுங்க, அதுக்கு என்ன அர்த்தம்?

– அர்த்தத்தை அப்புறம் பாப்போம். வண்டியை ராம்புல தள்ளச் சொல்லுங்க.

– பின்வீலை வெளியில பாத்துத் திருப்பி வச்சிருக்காருதானே?

– பொறுங்க. நாலு வீல்லயும் சென்சாரை மாட்டிட்டுச் சொல்றேன்.

– பின்வீல் ரெண்டும் வெளியில பாத்து நின்னா பிரேக் அடிச்சதும் வண்டி சுத்திரும்னு கூட ஓட்டுற ஒருத்தரு சொன்னாரு.

– சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா ஒங்க வண்டியில வெளியில பாக்கலை. ஸ்கிரீனைப் பாருங்க, ரெண்டு வீலும் உள்ளதான் பாக்குது. சாதாரணமா வைக்கிறதை விட ஒரு நூல் கூடவே உள்ள.

– மோதுனதுல மாறியிருக்கும்.

– முன்னாடிதானே மோதுச்சு? இங்கிட்டுக் குனிஞ்சு பாருங்க. முறுக்கி முடிச்சதும் போல்ட்டு மேல மஞ்சப் பெயிண்டுல ஒரு கோடு இழுத்திருக்காங்க. அது ஒடையவே இல்ல. திருச்சியில வச்சது வச்சபடியே இருக்கு.

– அப்ப இது என்ன செட்டிங்குக்கா? எதுக்கு எனக்குத் தெரியாம வைக்கணும்?

– நீங்க எழுதிக் குடுத்த நம்பர் என்ன?

– பின்னாடி டோ ஜீரோ. அப்பத்தான் வண்டி சட்டுன்னு திரும்பும்.

– சட்டுன்னு திரும்பும், சட்டுன்னு சுத்தவும் செய்யும். அவரு வச்சிருக்கிறதுல ரவுண்டுக்கு ஒரு செகண்டு நட்டமாகும், ஆனா வால் ஆடாது. ஒங்ககிட்டச் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?

– மாட்டேன்.

– அதான் சொல்லலை.

– பெறகு ஏன் சுத்துச்சு? அலைன்மென்ட் சரியா இருந்தா ஏங்க்கா சுத்தணும்?

– முன்னாடி ரெண்டு டயரும் புதுசு, ரேஸ் ரப்பர். பின் டயர்ல நாலு எண் அச்சடிச்சிருக்கே, படிங்க, கடைசி ரெண்டும் வருசம். ரெண்டாயிரத்துப் பதினெட்டுல செஞ்சது. நகத்தை வச்சு அழுத்துனா இறங்கவே மாட்டேங்குது, கல்லாட்டம் இருக்கு. முன்னாடி கவ்வும், பின்னாடி வழுக்கும். எந்த நம்பர் வச்சாலும் சுத்தத்தான் செய்யும். டயர் வாங்குனது யாரு?

– நான்தான்.

– ரெண்டு மட்டுமா?

– நாலையும் ஒண்ணாத்தான் மாத்தணும்னு அவரு சொன்னாருக்கா. வண்டியை இழுக்கிறது முன்வீல்தானே, அது போதும்னு நான் மாட்டிட்டேன். முந்திட்டேன்னு வயித்தெரிச்சல்ல பேசுறாருன்னு நெனைச்சேன்.

– பின்னாடி தட்டுச்சான்னு ஆஸ்பத்திரியில கேட்டாரே, தான் வச்ச செட்டிங்கால ஒங்களுக்கு இப்பிடி ஆயிருச்சோன்னு பயந்து கேட்டிருப்பாரு. கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

– மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

– சரி, ஆனது ஆச்சு. போனைப் போடுங்க, இங்க வரச் சொல்லுங்க. டயரை மாத்திட்டு, அடுத்த தடவைக்கு என்ன வைக்கிறதுன்னு மூணு பேரும் ஒக்காந்து பேசுவோம். நானே பேசணும்னாலும் பேசுறேன், நம்பரைக் குடுங்க.

– போன் அவருகிட்ட இருக்காதுக்கா.

– ஏன்?

– என்னைக் கொல்லப் பாத்தாருன்னு காலையில போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் இங்கிட்டு வந்தேன். வர்ற வழியிலயே போன் வந்துச்சு, மச்சானைப் போலீஸ் அழைச்சிட்டுப் போயிட்டாங்களாம். சாட்சிக் கையெழுத்து எங்க லாத்தா போட்டது.