பஞ்சு அடைக்காத திண்டு

தலையணை என்றால் மெத்தென்று இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வயதுவரை நானும் நினைத்திருந்தேன். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தூங்குகிறவர்களுக்கான தலையணை. வேலை செய்கிறவர்களுக்கான தலையணை கட்டை மாதிரி இருக்கும். தட்டினால் டொக்கென்று கேட்கும்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், விசுவநாதன் ஐயா. சிரம்பானில் துணிக்கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு புக்கிட் பெலண்டோக் கோயில் மண்டபம் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். கோயில் தலைவரும் என் வீட்டுக்காரருமான முருகையாவின் பொன்னாடைகள் அலமாரியிலிருந்து எப்படிக் காணாமல் போயின, செயலாளர் சுகுமாறன்தான் எடுத்தாரா என்று விசாரித்துச் சொல்லும்படி செயற்குழு உங்களைக் கேட்டிருக்கிறது. வெளியூர்க்காரர், யார் பக்கமும் சாயமாட்டார் என்று உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் எனக்குத் திண்டிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல வரும். சுகுமாறன் எடுக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார வைத்திருப்பது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

போன வருடம் எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் ரோகினி டீச்சர் சனிக்கிழமைகளில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மலாக்காவில் பக்கத்து வீட்டுப் போர்த்துகீசிய அம்மாளிடம் கற்றுக்கொண்டாராம். ஊசியால் பின்னுவது அல்ல இது. நூல் சுற்றிய விரல் நீளக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் திண்டின் மேலிருந்து தொங்கும். அவற்றை இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நூல்கள் குறுக்கிடும் இடத்தில் குண்டூசி குத்தி நிறுத்திக்கொண்டே போக வேண்டும். பூவும் இலையுமாக ஒரு பட்டி மெல்ல இறங்கி வரும்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய கை இது. இதற்கு இந்த வேலை வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது வகுப்பிலோ நான்காவது வகுப்பிலோ டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டு, "பஞ்சாலை அக்கா கையப் பாருங்க" என்று என் பெயரைச் சொல்லிக் காட்டினார். கைதட்டினார்கள். எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரருக்கு வாரம் ஒருமுறையாவது தட்டுவார்கள். ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை.

வகுப்பில் அவரவர் திண்டை அவரவரே செய்ய வேண்டும். தடித்த காடாத் துணியில் உருளையாகப் பை தைத்து, ஒரு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடைக்க வேண்டும். நான் இலவம் பஞ்சு வாங்கி, வழக்கமாகத் தலையணைக்கு அடைப்பதுபோல உப்பலாக அடைத்துக் கொண்டுபோனேன். டீச்சர் அதில் ஒரு குண்டூசியைக் குத்தி நூலை இழுத்தார். ஊசி குடித்துவிட்டு வந்தவரைப்போலச் சாய்ந்தது.

"இதுல படுத்துத் தூங்கலாம்லா அக்கா. வேல செய்ய முடியாது" என்றார்.

வெள்ளைக்காரர் நாட்டில் வைக்கோலை அடைப்பார்களாம். நமக்குச் சுற்றிலும் எண்ணெய்ப்பனை, வைக்கோலுக்கு எங்கே போவது? லாலாங் புல்லைக் காயவைத்து அடைத்துப் பார்த்தேன். எறும்பு குடியேறியது. மற்ற பெண்கள் எல்லாரும் ரப்பர் மரப் பலகை ஆலையிலிருந்து மரத்தூள் வாங்கி அடைத்தார்கள். அருமையாக நின்றது. சுகுமாறனின் மனைவி தனலெட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவள். எனக்கும் ஒரு மூட்டை சொல்லிவைத்தாள். சுகுமாறனே தன் ஏர்கோன் கழுவும் தொழிலுக்கு வைத்திருக்கும் வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அந்த மூட்டை வீட்டுக்குள் வந்திருந்தால் இன்று நாம் யாரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அத உள்ள கொண்டாராத. தூசு. பொன்னாடைக்கு ஆகாது."

எங்கள் வீட்டில் ஏர்கோன் இருப்பது ஒரே அறையில். அதில் படுப்பது பொன்னாடைகள். நம் ஆட்கள் ஒரு மேடை போட்டால் யாருக்காவது போர்த்தாமல் பிரிக்கமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, கார் கழுவும் கடைத் திறப்பு என்று எல்லாவற்றிலும் இவருக்கு ஒன்று உண்டு. ஒருமுறை தெமியாங்கில் மண்டபம் மாறி, யார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குள்ளோ நுழைந்துவிட்டார். அவர்களும் போர்த்தித்தான் அனுப்பினார்கள். பெரும்பாலும் உங்கள் கடைத் துணிதான். ஓரத்தில் பொன் ஜரிகை, உள்ளே வெல்வெட். நல்ல சரக்கு. இப்போது அதை நான் அடித்துச் சொல்வேன்.

அவற்றில் ஒன்றையாவது மடிப்புப் பிரித்துப் பயன்படுத்தியது கிடையாது. எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது ஒன்றைக் கேட்டேன். "அது மரியாத, பஞ்சாலை. போத்திக்கிறதுக்கு இல்ல" என்றார். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. துவாலையைப் போர்த்திக்கொண்டேன். ஞாபகத்தில் இருப்பதால் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மரத்தூள் போன பிறகு எனக்கு ஒரு வாரம் திண்டு இல்லை. வகுப்பில் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் பின்னுவதைப் பார்த்தேன். அந்த வாரம்தான் அலமாரியின் அடித்தட்டில் அந்துருண்டை போடக் குனிந்தபோது ஓரத்தை எலி கடித்த ஒரு பொன்னாடை கண்ணில் பட்டது. எலி கடித்ததை மரியாதை என்று சொல்ல முடியாது. அதை எடுத்து நகத்தளவு துண்டுகளாக வெட்டி, பையில் போட்டு, உலக்கையின் பின்முனையால் இடித்தேன். குண்டூசியைக் குத்திப் பார்த்தேன். போலீஸ்காரர்போல விறைப்பாக நின்றது. வெல்வெட்டின் மேலிழை ஊசியைக் கவ்விப் பிடிக்கிறது. மரத்தூள்கூட அப்படிப் பிடிக்காது. இதை டீச்சரிடம் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு ஒரே குறை.

ஒரு திண்டு எவ்வளவு சாப்பிடும் என்று செய்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. ஒரு பிடி போடுவீர்கள், இடிப்பீர்கள், அது அடியில் தகடாகப் படிந்துவிடும். இன்னொரு பிடி. மறுபடியும் இடம் இருக்கும். ஒரு பொன்னாடை என்று நினைத்து ஆரம்பித்தேன். பை பாதிகூட நிறையவில்லை. பாதியில் நிறுத்தினால் போட்டதும் வீண். அடித்தட்டில் இருந்ததெல்லாம் பழையவை. நடுத்தட்டில் இருந்தவை அவ்வளவு பழையவை அல்ல, ஆனால் ஒரே மாதிரியானவை. மேல்தட்டுக்கு வரும்போது எனக்குப் பழகிவிட்டது.

ஒவ்வொரு தட்டிலும் முன்வரிசையை மட்டும் அப்படியே விட்டேன். பின்னால் குளியல் துவாலைகளையும் என் பழைய சாரோங்குகளையும் அதே அளவில் மடித்து அடுக்கினேன். அவர் தினமும் அலமாரியைத் திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டு மூடுவார். அவருக்குக் குறை எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். ஒரு மனைவி வேறென்ன செய்ய முடியும்?

கடைசிப் பிடிகளுக்கு என் கையில் பலம் போதவில்லை. தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என் திணறலைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், தோள்பட்டை இன்னும் கெட்டி. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உலக்கையை வாங்கினார்.

"என்னா இது உள்ள?" என்றார்.

"பழைய துணி" என்றேன். பொய் சொல்லவில்லை.

வியர்க்க வியர்க்க இடித்தார். வெளிநாட்டுச் செய்தி முடிந்து வானிலை வரும்வரை இடித்தார். நான் வாயைத் தைத்து மூடியதும் திண்டைத் தட்டிப் பார்த்து, "எப்புடி, கல்லு மாதிரி இருக்கா?" என்று பெருமைப்பட்டார். மனைவியின் கைத்தொழிலுக்குக் கணவன்மார் உதவ வேண்டும் என்று அடுத்த ஞாயிறு மாதர் விழாவில் பேசினார். அதற்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. அதை முன்வரிசையில் வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையின் நல்ல காலம். விரல் அகலப் பட்டி, நடுவில் பிச்சிப்பூ, இரண்டு பக்கமும் இலை. ஒரு மாலை முழுக்கப் பின்னினால் கட்டைவிரல் நீளம் இறங்கும். ஊசிகள் ஒன்றுகூட அசையவில்லை. பாதியில் திண்டைத் திறந்தால் நூலின் இறுக்கம் போய்விடும், பட்டி சுருண்டுவிடும். அதனால்தான் பின்னி முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

போன மாதம் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. என் வீட்டுக்காரர் தலைவராகி முப்பது வருடம் ஆகிறது, பாராட்டு விழா எடுக்க வேண்டும், அவர் வாங்கிய பொன்னாடைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டும் என்று. அவர் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து அலமாரியில் முன்வரிசையை எடுத்தார். பின்னால் என் பழைய சாரோங். பூப்போட்டது. மற்ற தட்டுகளையும் கலைத்துப் பார்த்தார்.

அறைக்குள் போன வெளி ஆள் சுகுமாறன் ஒருவர்தான், அதுவும் ஏர்கோன் கழுவ. முந்தின கூட்டத்தில் அவர் வாய் சும்மா இருக்காமல், "தலைவரே, இத்தன பொன்னாடைய வச்சிக்கிட்டு கட போடப் போறீங்களா?" என்று கேட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் செயற்குழு கூடியபோது, "அவன்தான், வேற எவன்?" என்று பக்கத்திலிருந்த என் திண்டின்மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஊசிகள் இருப்பதை மறந்துவிட்டார். உள்ளங்கைக்கு நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். பட்டியில் இரத்தம் படவில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே திண்டைக் கிழித்திருப்பார்கள். பட்டி முடிய இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது.

சுகுமாறனைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தாமானில் பாதிப் பேர் ஏர்கோன் கழுவ வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் யோசிக்காமல் இல்லை. மழைக்காலத்தில் அந்த வேலை எப்படியும் குறைவுதான். அவருக்கும் முதுகுவலி உண்டு, ஓய்வு கிடைக்கட்டும் என்று பட்டது. தனலெட்சுமி மட்டும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். கட்டைகளைப் போட்டுக்கொண்டே அழுவாள்.

"யாரு எடுத்தாங்கன்னு கோயில்ல இருக்கற அந்தத் தாய்க்குத் தெரியும்கா. இவரு ஒரு துணியத் தொட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

கண்ணீர் திண்டில் விழுந்தது. மரத்தூளுக்கு ஈரம் ஆகாது, உப்பிவிடும். அதை அவளிடம் சொன்னேன். தள்ளி உட்கார்ந்து அழச் சொன்னேன். அன்றைக்கு என்னால் முடிந்த உதவி அதுதான்.

இப்படி ஒருவர் பழி சுமப்பதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. நேற்று மாலை கடைசிப் பூவை முடித்து, நூலை வெட்டி, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பட்டியை நீவிச் சுருட்டி டப்பாவில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. இன்று காலை பசியாறும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்த் திண்டைத் தட்டிப் பார்த்தார். டொக்.

"மந்திரி போத்துனது?" என்றார்.

"வலது பக்கக் கடைசியில இருக்கும்" என்றேன்.

அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "நானா இடிச்சேன்?"

"நல்லாவே இடிச்சீங்க."

இப்போது முன்வரிசையில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்தத் திண்டுதான். கிழிக்கக்கூடாது, விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுதாக அதையே வைக்க வேண்டும் என்கிறார். முப்பது வருடத்து மரியாதை ஒரே இடத்தில் இருக்கிறதாம். நினைத்துப் பார்த்தால் உண்மைதான். நான் மறுக்கவில்லை.

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பொன்னாடைகளை எடுத்தது நான். வெட்டியது நான். சுகுமாறன்மேல் பழி விழுந்தபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். அவரிடமும் தனலெட்சுமியிடமும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் பதவியைத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் வீட்டு ஏர்கோனையும் அவரே வந்து கழுவட்டும். அலமாரி முக்கால்வாசி காலியாக இருப்பதால் நகர்த்தச் சுலபம்.

இத்தனையும் எனக்காகச் செய்தது இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தப் பட்டியைப் பின்னியதே ஞாயிற்றுக்கிழமை விழாவில் என் வீட்டுக்காரருக்குப் போர்த்தப்போகும் பொன்னாடையின் ஓரத்தில் தைப்பதற்குத்தான். இனி அவருடைய மரியாதையில் கை வைக்கமாட்டேன் என்று அம்மன் சன்னதியில் சூடம் ஏற்றிச் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. திண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் அகலமான பட்டி ஆரம்பிக்கப் போகிறார், அதற்குப் பெரிய திண்டு வேண்டும் என்கிறார். விழாவுக்குச் சிரம்பானிலிருந்தும் லுக்குட்டிலிருந்தும் நிறையப் பேர் வந்து போர்த்துவார்கள். எல்லாரும் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கேட்பவர்களுக்கு வெல்வெட்டையே எடுத்துக் காட்டுங்கள், ஐயா. பட்டு வெட்டும்போது வழுக்குகிறது.