ஏணிக்குக் கீழே ஒரு பேட்டி

— ஏணிய ஒத்தக் கையில புடிக்காதண்ணா. அப்பா மரத்து உச்சியில இருக்காரு.

— ரெண்டு கையும் வெச்சுத்தான் நிக்கறேன் ஆர்த்தி. நீ உன்ற பேட்டிக் கதையச் சொல்லு. ஒருத்தனாச்சும் வாயத் தொறந்தானா?

— எங்க! நம்ம மலையில திருப்புளி நாட்டு ஊரு முழுக்கச் சுத்திட்டேன். மிளகு பறிக்க ஏறி உழுந்தவங்கள ஊடு ஊடாத் தேடிப் போய்க் கேட்டேன். "பயமா? எனக்கா?"ன்னு சிரிக்கறாங்க. செங்கோடண்ணன் டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுட்டாரு.

— பின்ன? மிளகு எறக்கி முடியற வரைக்கும் பயங்கற பேச்சே நம்ம பக்கம் எடுக்கக் கூடாதுல்ல. சேலத்துல போய் சைக்காலஜி படிச்சா இதெல்லாம் மறந்துருமா?

— மறக்கலண்ணா. பொங்கல் லீவு உட்டா எனக்கு வேற நாளில்ல. கிளாஸ்ல அத்தன பேரு இருக்கறப்ப, மேடம் என்னையத்தான் அவங்க ஆராய்ச்சியில சேத்துக்கிட்டாங்க. மலைக்காரப் புள்ள, உங்கிட்டன்னா மனசு உட்டுப் பேசுவாங்கன்னு. வெறுங்கையோட போனா அந்த எடம் வேற பொண்ணுக்குப் போயிரும். மேல படிக்க எடம் கேக்கறப்ப எனக்குக் கை குடுக்கப் போறதே இதுதான்.

— அப்படி என்னதான் கேக்கற?

— உழுந்து எந்திரிச்ச பின்னால ஏணியத் தொட்டா கை நடுங்குதா, வேர்க்குதா, தூக்கத்துல உழற மாதிரி இருக்குதா... ஏண்ணா, உன்ற மூஞ்சி இப்படிப் போகுது?

— காலு வலிக்குது.

— போன வருசம் உழுந்தது இன்னுமா?

— இன்னுந்தான். இல்லாட்டி இந்த வயசுல அப்பாவ ஏத்தி உட்டுட்டு நான் கீழ நிப்பனா? அப்பாவும் ஒருக்கா உழுந்தவருதான். காலு சரியானதும் ஏறுனாரு, அவருக்கென்ன கை நடுங்குச்சா?... ஏம் புள்ள, உங்கிட்டச் சொல்றவங்க பேரு வெளிய வருமா?

— வராது.

— அப்ப என்னையக் கேளு. போன்ல பதிஞ்சுக்க.

— முடியாதுண்ணா. சொந்த ஊட்டு ஆளுகளக் கேக்கக் கூடாதுன்னு மேடம் கண்டிசனாச் சொல்லியிருக்காங்க. என்ற கூடப் படிக்கற யமுனாவ வரச் சொல்றேன். அவகிட்டச் சொல்லு, ஆராய்ச்சியில சேரும்.

— வெளியாளுகிட்டச் சொல்ற சங்கதியில்ல இது. உடு.

— இரு. செல்போன அமத்திட்டேன். பையிலயும் போட்டுட்டேன். ஆராய்ச்சி கெடக்குது, நீ எங்கிட்டச் சொல்லுண்ணா.

— அப்பா காதுல உழுந்துறாதே?

— காத்தடிக்குது. மெதுவாச் சொல்லு.

— காலு ஆடியிலயே சரியாப் போச்சு ஆர்த்தி. ஒரு வலியும் இல்ல. மொதப் படியில கால வெச்சாலே ஒடம்பெல்லாம் வெடவெடங்குது. ஆளில்லாதப்ப வந்து எத்தனையோ தடவ ஏறிப் பாத்துட்டேன். முடியல. அப்பா ஏறறதப் பாக்கப் பாக்க வெக்கமா இருக்குது. இதப் போயி எந்த வாயால அவருகிட்டச் சொல்றது?

— அருளு... காத்தடிக்கறது நின்னு நேரமாச்சு சாமி. ஏணியக் கெட்டியாப் புடி, எறங்கி வாரேன். நான் உழுந்த வருசம் எனக்கும் இதே கால் வலிதான்.