ஹோம் ஒர்க் நோட்டில் ஒரு தாள்

“இன்னா டீச்சர், இதுக்குத்தான் என் பொண்ணை உங்க வூட்டுக்கு அனுப்பிச்சனா?” என்று சம்பத் ரத்தினபாய் டீச்சர் வாசலில் கத்தியபோது, நான் பக்கத்து வீட்டில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வாயோரம் நுரை. அதற்கு மீன் செதிளே தேவலை. கையில் ஒரு தாளை ஆட்டினான். கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை துளசிங்கம் நிச்சயத்தை முறித்து, திருப்பி அனுப்பிய தாள்.

மகள் சாமுண்டீஸ்வரி, “அது நெசம் இல்லப்பா, ஹோம் ஒர்க்குப்பா” என்று அழுதாள். மூக்கு ஒழுகி உதட்டுக்கே வந்துவிட்டது. துடைக்கத் தெரியாதவளுக்கு பாங்க் பரீட்சை ஒரு கேடு.

ஹோம் ஒர்க்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. டீச்சருக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். இங்கிலீஷ் டியூஷனில் இரண்டு வாக்கியத்தைச் சொந்தமாக எழுதி, ஹூ, ஹூம், ஹூஸ் போட்டு ஒன்றாக்கச் சொல்வார். “உண்மையா இருக்கணும்னு இல்ல, சேர்க்கிறது சரியா இருந்தாப் போதும்” என்பார். ஆறு மாதம் கேட்டதில் எனக்கே அத்துப்படி. பெண்கள் வாய்க்கு வந்ததை எழுதிச் சிரிப்பார்கள். இவள், தான் காதலிக்கிறவர் ஆலந்தூரில் இருக்கிறார் என்றும், தனக்குப் புடவை வாங்கித் தந்தவருக்கு மனைவி உண்டு என்றும் எழுதியிருந்தாள். பிழையே கிடையாது. ஆனால் நிச்சயமான பெண் விளையாட்டுக்குக்கூட எழுதுகிற எழுத்தா அது?

நோட்டை என் மகள் புஷ்பத்துக்கு இரவல் கொடுத்திருந்தாள். தலை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நோட்டு. இரண்டு விரலால் பிடித்துத்தான் அந்தத் தாளைக் கிழித்தேன். அதில் என் எழுத்து ஒன்றும் சேரவில்லை. உறைமேல் துளசிங்கத்தின் விலாசம் மட்டும் நான் எழுதியது.

சம்பத் அன்றே பரீட்சை ஹால் டிக்கெட்டை அடுப்பில் போட்டான். மறு மாதம் அவளை முடிச்சூரில், நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தான். வெற்றிலைச் சாறு வழிய வழியத் தாலி கட்டினான் அந்த மனிதன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் பந்தி முடியும்வரை இருந்தேன். டீச்சர் டியூஷனை மூடிவிட்டு நாசரேத்தில் தங்கையிடம் போய்விட்டார். வீட்டுச் சாவியை என்னை நம்பித்தான் கொடுத்துப் போனார்.

தையில் புஷ்பத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே துளசிங்கம். இப்போது கூடுவாஞ்சேரியில் நன்றாக இருக்கிறாள். சம்பத் வீட்டுக்கு நானே நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனிதர்களுக்கு மனதில் இவ்வளவு அழுக்கு ஆகாது.